பதினேழாம் வீட்டு நீலப் பட்டை

அத்தியாயம் 6

“பூட்டு உடையலை. சாவி தொலையலை. அலமாரியில ஒரு கீறல்கூட இல்லை. ஆனா உள்ள இருந்த ரகசியம் மட்டும் நடந்துபோய் நோட்டீஸ் போர்டுல ஒட்டிக்கிச்சு,” என்றாள் வெடி. “அத்தான், இது நம்ம கேஸ் இல்லை. பேய் ஓட்டறவங்க கேஸ். வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

அத்தான் அசையவில்லை. திறந்த இரும்பு அலமாரியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓர் உறையின் மேலிருந்த அரக்கு முத்திரையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை எல்லோரும் ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். வேலையை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார், பட்டப்பெயர் விடவில்லை. உதவியாளர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார். ஒருவரும் வரவில்லை. மனைவியின் தங்கை வந்தாள். அவள் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பது அவளுடைய பட்டப்பெயரிலேயே இருக்கிறது.

இருவரும் இருந்த இடம் ஒரு கணினி ஆராய்ச்சி நிறுவனத்தின் மூன்றாம் மாடி. வாசலில் ‘இணையப் பாதுகாப்பு மற்றும் அந்தரங்க ஆய்வுக்கூடம்’ என்று பெரிய பலகை. உள்ளே நுழைய அட்டை காட்ட வேண்டும், கட்டைவிரல் வைக்க வேண்டும், ஆறு இலக்க எண்ணை அடிக்க வேண்டும். வெடி இதில் ஒன்றையும் செய்யவில்லை. ஒரு காலி அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் சுமந்துகொண்டு கதவருகே நின்றாள். அரை நிமிடத்தில் ஒரு புண்ணியவான் வந்து, அட்டை காட்டி, விரல் வைத்து, எண் அடித்து, “நீங்க முதல்ல போங்க மேடம்” என்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். நாற்பது வீடுகளில், சம்மதம் வாங்கி, நெட் இணைப்போடு ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். வீட்டுக்குள் நெட் வழியாக எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று மட்டும் பெட்டி குறித்துக்கொள்ளும். என்ன வருகிறது என்று பார்க்காது. வீட்டுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் எந்த வீடு என்று எழுதிய ஒரே தாள் இந்த உறைக்குள் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் முளைத்தது. ‘பதினேழாம் எண் நம் இயக்குநர் வீடு. அவர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாகச் சொல்லும் செவ்வாயும் வியாழனும் அங்கே பத்து முதல் ஐந்து வரை சீரியல் ஓடுகிறது. ஊழியர்களுக்கு மட்டும் ஏன் அனுமதி ரத்து?’ போன மாதம்தான் இயக்குநர், வீட்டில் விட்டால் எல்லோரும் சீரியல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று சொல்லி, வீட்டிலிருந்து வேலை செய்யும் வழக்கத்தையே நிறுத்தியிருந்தார். நிறுவனம் இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்தது. இயக்குநர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

உறைக்குள் இருக்கும் தாளை எழுதியவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. இன்று மாலை நான்கு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. ரகசியத்தை வெளியே விட்டது அவள்தான் என்று பட்டப்படிப்பிலிருந்தே நீக்கப்போகிறார்கள். நான்கு வருட உழைப்பு குப்பைக்குப் போகும். இப்போது மணி பன்னிரண்டரை.

“சீல் உடையாம இருக்கே, அதுவே அவளுக்கு எதிரான சாட்சி,” என்றார் பின்னால் நின்ற பேராசிரியர். மாணவியின் வழிகாட்டி அவர்தான். “எழுதினவளுக்கு உறையைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லையே, மனசுலயே இருக்கும். பதினேழு இயக்குநர் வீடா இல்லையான்னு நேரா கேட்டேன். வாயைத் திறக்கலை. இல்லைன்னா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“உங்க ஸ்டூடண்ட் சார். கொஞ்சம் பரிஞ்சு பேசக் கூடாதா?” என்றாள் வெடி.

“பாதுகாப்புல நான் யாருக்கும் பரியறதில்லை. என் கடவுச்சொல் முப்பத்தொரு எழுத்து. லேப்டாப் கேமராவுல பிளாஸ்திரி. என் வீட்டுல நெட் இணைப்பே கிடையாது, தெரியுமா? வாங்க விட்டதே இல்லை.”

“வீட்டுல வேற யாராவது இருக்காங்களா சார்?”

“மனைவி இருக்கா.”

“பாவம்,” என்றாள் வெடி.

மீட்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “முத்திரை நல்ல முத்திரை. இங்க நமக்கு ஒண்ணும் இல்லை,” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

மாணவி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கணினி. மூன்றரை மணி நேரத்தில் துரத்தப்படப்போகிறவள், தன் ஆய்வேட்டின் நூற்றறுபத்துமூன்றாம் பக்கத்தில் எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். இவர்களை வரவழைத்தவள் அவள்தான்.

“ஒரே ஒரு வார்த்தை போதும்மா,” என்றார் மீட்டர். “பதினேழு அவர் வீடா, இல்லையா?”

“சொல்ல மாட்டேன் சார்.”

“ஏம்மா, நாங்க உன் பக்கம். நீதானே போன் பண்ணி அழுதே?” என்றாள் வெடி.

“அழுதேன். அதுக்காகச் சொல்ல முடியாதுக்கா. நாற்பது வீட்டுக்கும் நானே நேர்ல போனேன். ‘உங்க நம்பரை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். ஆமான்னு சொன்னா ஒரு வீட்டைக் காட்டிக்குடுத்துட்டேன். இல்லைன்னு சொன்னா, மிச்ச முப்பத்தொன்பதுல தேடுங்கன்னு சொல்லிட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்.”

“நாலு வருஷம் போயிடும்.”

“தெரியும்,” என்றாள். கணினியைப் பார்த்தபடியே இன்னொரு பிழையைத் திருத்தினாள். வெடிக்கு அந்தப் பெண்ணைத் தலையில் குட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

“சரி, சொல்ல வேண்டாம்,” என்றார் மீட்டர். “அந்தப் பெட்டிங்க குறிக்கறதை வெளியாள் பார்க்க வழி உண்டா?”

மாணவியின் முகம் சட்டென்று மலர்ந்தது. “கீழ ஹால்ல நானே ஒரு திரை வெச்சிருக்கேன் சார். அந்தந்த நேரத்துக்கு அப்படியே காட்டும். பேர் எதுவும் இருக்காது. ரொம்பப் பாதுகாப்பானது.”

கீழே காபி இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஆள் உயரத் திரை. நாற்பது பட்டைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். ஓரத்தில் விளக்கம்: நீலம் என்றால் படம் பார்க்கிறார்கள், மஞ்சள் என்றால் பேசுகிறார்கள், பச்சை என்றால் மற்றவை. ஓட்டம் வரும் தாளத்தை வைத்து நிறத்தை ஊகிக்குமாம்.

மீட்டர் திரையின் முன் போய் நின்றார். நின்றவர் நின்றவர்தான். பதினெட்டு வருடப் பழைய சந்தோஷம் ஒன்று அவர் முகத்தில் ஏறுவதை வெடி பார்த்தாள்.

“அத்தான், அக்கா உங்களை இப்படி ஒரு தடவை பார்க்க மாட்டீங்களான்னு ஏங்கறா.”

“இது மீட்டர் போர்டு,” என்றார் அவர். “அடுக்குமாடி வீட்டுல கீழ வரிசையா இருபது மீட்டர் இருக்கும். எது யாரோடதுன்னு எழுதியிருக்க மாட்டாங்க. அப்ப நாங்க என்ன செய்வோம் தெரியுமா?”

“லஞ்ச் சாப்பிடப் போவீங்க.”

“அதுக்கு அப்புறம். மேல ஒரு வீட்டுக்குப் போய், தண்ணி மோட்டாரைப் போடுங்கன்னு சொல்லுவோம். கீழ எந்தச் சக்கரம் வேகமெடுக்குதோ, அதுதான் அந்த வீட்டு மீட்டர். பட்டியலும் வேண்டாம், அலமாரியும் வேண்டாம்.”

வெடி கேலி செய்யாமல் பட்டைகளை எண்ணத் தொடங்கினாள். அப்படி நடப்பது அபூர்வம்.

காபி இயந்திரத்தில் பால்பொடி நிரப்பிக்கொண்டிருந்தவர், இவர்கள் பேச்சில் கலந்துகொள்ள வெகு நேரமாகத் தவித்துக்கொண்டிருந்தார். மீட்டர் அவர் பக்கம் திரும்பியதுதான் தாமதம்.

“நான் ஒண்ணு சொல்லட்டுமாங்க? மூணு வாரமா ஒரு அநியாயம் நடக்குது. செவ்வாயும் வியாழனும் பத்து மணி வாக்குல யாரோ ஒருத்தர் காபி பிடிச்சு, ஒரு வாய்கூடக் குடிக்காம, திரைக்குக் கீழ இந்த விளிம்புல வெச்சுட்டுப் போயிடறாங்க. முழுக் கப்பு, ஆறிப்போய். என் காபி அவ்வளவு மோசமாவா இருக்கு?”

“குடிச்சுப் பார்த்தேன்,” என்றாள் வெடி. “அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.”

“காபி பிடிச்சது இங்க நிக்கறதுக்கு ஒரு சாக்கு,” என்றார் மீட்டர். “ஒரு கையில போன். இன்னொரு கையில கப்பு. கண்ணு மேல. எங்கிருந்து குடிக்கறது? இயக்குநர் வீடு எங்கங்க?”

“பின்னாடி குடியிருப்புல, ஆறாம் வீடு. வாசல்ல கேமரா வெச்ச அழைப்பு மணி இருக்கும். அமுக்கினா அவர் எங்க இருந்தாலும் போன்ல நம்ம மூஞ்சி தெரியுமாம்.”

மீட்டர் மைத்துனியைப் பார்த்தார். மைத்துனி பெருமூச்சு விட்டாள்.

“மணியை அமுக்கிட்டு ஓடி வர்ற வயசா அத்தான் எனக்கு?”

“ஓட வேண்டாம். அங்கேயே நின்னு போன்ல பேசு.”

ஆறாம் வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் செருப்பு இல்லை, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. வெடி போனைக் காதில் வைத்துக்கொண்டு மணியை அமுக்கினாள்.

“பதினேழு எகிறுது,” என்றார் மீட்டர் போனில். “பச்சை. இறங்கிடுச்சு. திரும்ப அமுக்கு.”

அமுக்கினாள். எகிறியது. மூன்றாவது தடவை அமுக்கியபோது மணியே பேசியது.

“யாரும்மா அது? என் வீட்டு வாசல்ல என்ன பண்றே?” இயக்குநரின் குரல்.

“மணி வேலை செய்யுதான்னு பார்க்கறோம் சார். அருமையா வேலை செய்யுது,” என்று அந்தக் கேமராவுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

மீட்டரின் குரல் மாறியிருந்தது. “இன்னைக்கு என்ன கிழமை?”

“புதன்.”

“இயக்குநர் ஆபீஸ்ல இருக்கார். வீட்டுல யாரும் இல்லை. நீ அமுக்கினப்ப வந்த பச்சை, ஏற்கெனவே இருந்த நீலத்துக்கு மேல ஏறிச்சு. நான் வந்து நின்னதுலேருந்து பதினேழுல நீலம்தான் ஓடிட்டிருக்கு. பூட்டின வீட்டுல யாரு படம் பார்க்கறா?”

வெடி கதவைவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அந்த நேரம் பார்த்து, எங்கோ மிக அருகில் ஒரு பெண் கதறி அழுதாள்.

“அத்தான்! யாரோ அழறாங்க! கொலையோ என்னமோ! பக்கத்து வீட்டுல...” ஓடிப்போய் மதில்மேல் எட்டிப் பார்த்தாள். அழுகையைத் தொடர்ந்து வயலின் வந்தது. வயலினைத் தொடர்ந்து சோப்பு விளம்பரம் வந்தது. “கொலை இல்லை. சீரியல்.”

“அது யார் வீடு?”

“பேர்ப்பலகை மேல கறுப்பு டேப் ஒட்டியிருக்கு. கீழ நாலு எச்சரிக்கை. அனுமதி இல்லாம வராதே, படம் எடுக்காதே, பார்சல்காரன் பேரைச் சொல்லிக் கூப்பிடாதே, குப்பையில காகிதம் பொறுக்காதே. பைத்தியக்காரன் வீடு போல.”

போனில் மீட்டர் சிரித்தார். இந்த வழக்கில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நான்கு மணி. மீட்டர் குழுவை மாடியில் கூடவிடவில்லை. கெஞ்சிக் கூத்தாடி மூன்று பேரையும் ஹாலுக்கே இறக்கிவிட்டார். இயக்குநர், பேராசிரியர், ஊழியர் பிரதிநிதியாக நூலகர். நூலகர் இயக்குநரின் மனைவியும்கூட. வீட்டில் கேட்க முடியாததைக் கூட்டத்தில் கேட்பவர் என்று நிறுவனத்தில் அவருக்குத் தனி மரியாதை உண்டு. மாணவி சுவரோரமாக நின்றாள், பால்பொடி நிரப்புகிறவர் இயந்திரத்தருகே.

“சார், உங்க வீட்டைப் பத்தி எல்லாருக்கும் முன்னால ஒரு சோதனை செய்யணும். சம்மதமா?” என்றார் மீட்டர்.

“மத்தியானத்துலேருந்து மணியை அமுக்கிட்டு இப்ப சம்மதம் கேக்கறீங்களா? செய்ங்க. என் மானம்தான் ஏற்கெனவே போர்டுல தொங்குதே.”

“போன்ல உங்க வாசல் கேமராவைத் திறங்க. மூடுங்க. திரும்பத் திறங்க.”

இயக்குநர் திறந்தார். நாற்பது பட்டைகளில் ஒன்று மட்டும் துள்ளியது. மூடினார். இறங்கியது. திறந்தார். துள்ளியது. கீழே பதினேழு என்று எழுதியிருந்தது.

“அவ்வளவுதாங்க,” என்றார் மீட்டர். “உறையைத் திறக்காம, இந்தப் பொண்ணு வாயைத் திறக்காம, கையில காபியோட நின்னு கண்டுபிடிக்கலாம். ஆனா அதுக்கு அந்தக் கேமராவைத் திறக்கற போன் வேணும். அந்த வீட்டுல அப்படி ரெண்டு போன் இருக்கு.”

எல்லோர் தலையும் நூலகர் பக்கம் திரும்பியது. நூலகர் பதறவில்லை. கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

“நான்தான் ஒட்டினேன். இந்தப் பொண்ணை நீக்கணும்னு யாராவது கை தூக்கினா நீட்டலாம்னு எழுதியே கொண்டு வந்தேன். நூலகத்துல ஆறு பேருக்கு வீட்டிலிருந்து வேலைங்கறதையே பிடுங்கிட்டீங்க. சீரியல் பார்ப்பாங்கன்னு காரணம் வேற. நீங்க வீட்டுல இருக்கற நாள்ல என்ன பண்றீங்கன்னு பார்த்தேன். நீலம், நீலம், நீலம். காலையில பத்துலேருந்து.”

“நான் சீரியல் பார்க்கறதில்லைடி!” இயக்குநரின் குரல் கிட்டத்தட்ட அழுகை. “மூணு நாளா தலைப்பாடா அடிச்சுக்கறேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறீங்க!”

“நான் நம்பறேன் சார்,” என்றாள் வெடி. “திரையைப் பாருங்க. இப்பவும் நீலம்தான். நீங்க இங்க இருக்கீங்க, அவங்க இங்க இருக்காங்க. மேடம், மத்த நாள்ல பார்த்தீங்களா?”

நூலகர் முதன்முறையாகத் தடுமாறினார். “மத்த நாள்ல வீட்டுல யாரும் இல்லையே. இல்லாத வீட்டை எதுக்குப் பார்க்கறதுன்னு...”

“போன்லயே உங்க வீட்டு நெட்டை நிறுத்த முடியுமா சார்?” என்றார் மீட்டர்.

இயக்குநர் எதையோ தேடி அழுத்தினார். பதினேழாம் பட்டை தரையோடு தரையாகப் படுத்தது. எல்லோரும் திரையை நெருங்கினார்கள். பக்கத்தில் காபி இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

பேராசிரியரின் சட்டைப்பையில் போன் அடித்தது. துண்டித்தார். மறுபடி அடித்தது. துண்டித்தார். மறுபடி அடித்தது.

“எடுங்க சார், அவசரமா இருக்கும்,” என்றாள் வெடி.

எடுத்தார். ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. “என்னங்க! நெட் போயிடுச்சுங்க! அவன் உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கறான், அப்படியே நின்னுபோச்சு! பக்கத்து வீட்டுக்காரர் உங்க ஆபீஸ்லதானே இருக்கார், அவர் வீட்டு நெட்டுக்கு என்ன ஆச்சுன்னு கொஞ்சம் கேளுங்க!”

பேராசிரியர் போனை அவசரமாகப் பொத்தினார். முப்பத்தொரு எழுத்தும் முகத்தில் வரிசையாக வந்து போயின.

“ஐயோ,” என்று நூலகர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “போன வருஷம் டாக்டர்கிட்ட நேரம் பதியணும், எங்க வீட்டுல நெட் கிடையாதுன்னு வந்து நின்னாங்க. கடவுச்சொல்லைக் குடுத்தேன். அன்னைக்கு ஒருநாள்தான்னு நினைச்சேன்.”

“அதானே!” இயக்குநர் துள்ளினார். “என் மீட்டிங் எல்லாம் அறுந்து அறுந்து போச்சே, இதனாலதானா? உங்க அம்மா போன் பண்ணாக்கூட ரெண்டு வார்த்தைதான் கேக்கும்!”

“அதுக்கு நீங்க வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை,” என்றார் நூலகர்.

பேராசிரியர் விசாரணை அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். இயக்குநர் அதைத் திரும்பக் கேட்டு வாங்கி, எல்லோர் முன்னாலும் கிழித்தார். ஊழியர்களுக்கான தடையும் நாளை முதல் கிடையாது என்றார். நூலகர் தேதியோடு எழுதித்தரச் சொன்னார். வெடி வெற்றிக் களிப்பில் காபி இயந்திரத்திடமே போய், தெரிந்தே, இன்னொரு கப் பிடித்தாள்.

மாணவி மட்டும் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால் போய் ஒயரைப் பிடித்து இழுத்தாள். நாற்பது பட்டைகளும் அணைந்தன.

“சார், தீசிஸை நான் இப்பக் குடுக்கலை,” என்றாள் பேராசிரியரிடம்.

“என்னது?”

“கடைசி அத்தியாயத்துல, ‘இதை வெச்சு எந்த வீட்டையும் அடையாளம் காண முடியாது’ன்னு எழுதியிருக்கேன். மூணு வாரமா இந்தத் திரைக்குக் கீழ நின்னு கண்டுபிடிச்சிருக்காங்க. திரையை மாட்டினது நான். அந்த வரி பொய் சார். திரும்பச் செய்யணும். ஒரு வருஷம் ஆகும்.”

வெடிக்குக் காபி புரையேறியது. “ஏம்மா, உனக்குக் கிறுக்கா? நாலு வருஷத்தைக் கஷ்டப்பட்டுக் காப்பாத்திக் கையில குடுத்தா, நீயே தூக்கிப் போடறியே! வெளியில யாருக்குத் தெரியும்? இங்க இருக்கற ஏழு பேர் வாயை மூடிக்கிட்டா முடிஞ்சது. என் வாயைக்கூட மூடிக்கறேன், சத்தியமா!”

“நாற்பது வீட்டுக்குத் தெரியணும்க்கா,” என்றாள் மாணவி. கண் நிறைந்திருந்தது, குரல் நடுங்கவில்லை. நூலகரைப் பார்த்தாள். “எந்தெந்த நாள், எத்தனை மணிக்குத் திறந்து பார்த்தீங்கன்னு எழுதிக் குடுங்க மேடம். எனக்கு வேணும்.”

பிறகு தன் போனை எடுத்தாள். மீட்டர் வெடியின் முழங்கையைத் தொட்டார். வெடி காபியைக் கீழே வைத்தாள். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துவந்து அந்தப் பெண்ணின் பின்னால் போட்டாள். நாற்பது பேரிடம் நின்றுகொண்டே பேச முடியாது.

“வணக்கம்மா,” என்றாள் மாணவி போனில், உட்கார்ந்துகொண்டே. “உங்க வீட்டுல பெட்டி வெச்சுட்டுப் போனேனே, அந்தப் பொண்ணுதான் பேசறேன். இல்லைம்மா, பெட்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்ககிட்ட சொல்லணும்.”